களக்காடு வரை நிற்கக் கூடாது

பழைய ஐரோப்பியக் காரை வீட்டிலேயே பழுது பார்க்கும் தொழிலில், வேலைநிறுத்தம் செய்யும் உரிமை காருக்கு மட்டும்தான் உண்டு. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பஞ்சாலையில் ஃபிட்டராகவும் சங்கச் செயலாளராகவும் இருந்து, மறியல், உண்ணாவிரதம், கதவடைப்பு, பாளையங்கோட்டைச் சிறை எல்லாம் பார்த்தவன் சொல்கிறேன். மில் மூடியது. தலைவர்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள், நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவர்கள் இப்போது ஏறுகிற கார்களில் ஸ்டார்ட்டிங் கோளாறு கிடையாது. நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம், எழுதியதும் துண்டுப் பிரசுரம். இதிலும் அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கார், ஊரை விட்டுப் போன ஒரு டாக்டர் விற்றது. ஜெர்மன் டீசல் கார். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். எந்த முதலாளிக்கும் இலவச விளம்பரம் செய்து எனக்குப் பழக்கமில்லை. ஒரு புது ஸ்கூட்டர் விலைக்குக் கிடைத்தது. ஏன் அந்த விலைக்குக் கிடைத்தது என்று, இதே பாடு பட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏசி அறையில் ஒரு ஆலோசனை

வாங்கிய மாதமே எஞ்சினில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. கிழவி குதிகால் மாதிரி இறுகிப் போய், வெடித்திருந்தது. கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். வளையம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். பைபாஸ் ரோட்டில் இருந்த பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். என்னை ஏசி அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, டை கட்டிய ஒரு தம்பி வந்து கம்ப்யூட்டரைத் தட்டினான். வளையம் தனியாக வராதாம். குழாய், அதன் மூடி, பக்கத்தில் உள்ள பம்பு, அதைப் பிடித்திருக்கிற தாங்கி எல்லாம் சேர்த்து ஒரே சாமானாகத்தான் வருமாம்.

"ஒரு செருப்பு வார் அறுந்தால் காலையும் சேர்த்து மாற்றுவீர்களா?" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன்தானே. கண்ணாடிக்கு வெளியே நின்ற என் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, காதோடு சொன்னான்: "சார், இத வித்துருங்க. இந்த வண்டிக்கு நாங்க செய்ய முடிஞ்ச நல்ல சர்வீஸ் அதுதான்."

நிர்வாகத்தின் நோட்டீஸ்

என் மனைவி எஸ்தர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். பாளையங்கோட்டைக்காரி. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போவாள். நான் கோயில் வாசலில் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். ஆராதனை முடிந்து சபையே வெளியே வரும் நேரத்தில்தான் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகும். ஒரு ஞாயிறு குருவானவரே அங்கியோடு வந்து தள்ளினார். நாத்திகன் ஸ்டீயரிங்கில் இருக்க, சபையார் பின்னால் தள்ள, எஸ்தர் வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டோரமாக, எங்களைத் தெரியாதவள் போல நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நிபந்தனை விதித்தாள். களக்காட்டில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். அங்கே இந்தக் காரில்தான் போக வேண்டும். வழியில் எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் கார் வீட்டில் இருக்கலாம். நின்றால் மறுநாளே பேட்டை ரோட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். நான் பேச்சுவார்த்தைக்கு அழைத்தேன். கால அவகாசம் கேட்டேன். முத்தரப்புக் குழு கேட்டேன். அவள் சேலை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "மில்லுக்காரன் உங்கள எப்படி இத்தன வருசம் வச்சு சமாளிச்சான்னு தெரியல. நான் ஒரே பேச்சுதான்."

கிணற்று வளையம்

முக்கூடலில் பம்ப்செட் சாமான் விற்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மில் மூடிய பிறகு வயற்காட்டு மோட்டார்களைப் பழுது பார்த்துத்தான் நான் சாப்பிட்டேன் என்பதால் பழக்கம். வெடித்த வளையத்தை அவர் மேஜையில் வைத்தேன். விரலில் மாட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"எந்த மோட்டாருக்கு வே?"

"ஜெர்மன் காருக்கு அண்ணாச்சி."

"அங்க கிணறு உண்டா?"

"கார் வே, கார்."

ஒரு டப்பாவைக் கவிழ்த்து, துழாவி, அதே அளவில் ஒன்றை எடுத்துப் போட்டார். நீர்மூழ்கி மோட்டாரில் போடுகிற சாதாரண வளையம். அச்சுக் குத்தினாற்போல் பொருந்தியது. இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. டை கட்டிய தம்பியின் கம்ப்யூட்டருக்கு இந்த டப்பா தெரியாது. எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டதற்கு அண்ணாச்சி சொன்னார்: "கேரண்டி உண்டு வே. ஆனா அது கிணத்துக்குள்ள கிடக்குத வரைக்குந்தான்."

கை தூக்கி எடுத்த முடிவு

ஒழுகல் நின்றது, ஸ்டார்ட்டிங் கோளாறு நிற்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பழைய மில் தோழர்களை வரச் சொன்னேன். என்னைப் போல ஃபிட்டராக இருந்த பிச்சையா, எலக்ட்ரீஷியன் சுடலைமுத்து, கேன்டீனில் சாம்பார் வைத்த கணபதி. நாங்கள் எதையும் தனி மனிதனாக முடிவு செய்து பழக்கப்படாதவர்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டோம். நான் தலைமை. கோளாறு ஸ்டார்ட்டர் மோட்டாரில்தான் என்று பிச்சையா தீர்மானம் கொண்டுவந்தார். சத்தம் அங்கன இருந்துதான் வருகிறது என்று கணபதி வழிமொழிந்தார். வாக்கெடுப்பு தொடங்கியதும் சுடலைமுத்து ஏதோ சொல்ல எழுந்தார். வாக்கெடுப்பு நடக்கும்போது பேச அனுமதி இல்லை என்று உட்கார வைத்தேன். ஒன்றுக்கு மூன்று. தீர்மானம் நிறைவேறியது.

காருக்கு அடியில் படுத்து, ஸ்டார்ட்டரைக் கழற்றி, வண்ணார்பேட்டையில் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் சோதித்துவிட்டு, மோட்டார் நன்றாக இருக்கிறது, இதை எதற்குக் கழற்றினீர்கள் என்று கேட்டார். திரும்பக் கொண்டுவந்து மாட்டினோம். 'டக்.' இத்தனைக்கும் சுடலைமுத்துதான் டார்ச் பிடித்தார், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், மோட்டாரைத் தோளில் தூக்கி வந்தார். வாய் மட்டும் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் இரண்டாவது கூட்டம் கூட்டினேன். அப்போதுதான் அவர் எழுந்து, பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற எர்த் வயர் பச்சை பூத்துக் கிடக்கிறது, அதைச் சுரண்டினால் போதும் என்றார். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினோம். ஒரே திருப்பில் உறுமியது. இன்றைக்கும் சொல்கிறேன், கை தூக்கும் முறையில் தவறே இல்லை. சாம்பாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஒரே வாக்கு கொடுத்ததில் வேண்டுமானால் பேச இடமிருக்கிறது. முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று சுடலைமுத்துவிடம் கத்தினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தீர்மானம் போட்ட பெறகு மாத்திப் பேசுதவன் கருங்காலின்னு நீருதான வே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீரு?"

எரியும் விளக்கு

என் கார் ஓடுகிறது என்ற செய்தி பரவியதும், இதே பாடு படுகிற சிலர் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் மேலப்பாளையத்து மிளகாய்வத்தல் வியாபாரி, காதர் பாய். அவருடையதும் பழைய ஐரோப்பிய வண்டி. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, வாங்கிய நாளிலிருந்து அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. என்னிடம் போனோடு பேசுகிற ஒரு சின்னக் கருவி உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் குற்றங்கள் எல்லாம் போனில் வரிசையாக வரும். போலீஸார் என்மேல் போட்ட குற்றப்பத்திரிகைகூட அவ்வளவு நீளம் இருந்ததில்லை. அதைப் போலவே இதிலும் முக்கால்வாசி பொய்.

போலந்துக்காரர் ஒருவர் இதே கோளாறைச் சரி செய்து இணையத்தில் வீடியோ போட்டிருந்தார். அவர் பேசியது எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் அழுக்குக் கை எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். சர்வதேச ஒற்றுமையைப் பற்றி ஆயிரம் மேடையில் முழங்கியிருக்கிறேன், கண்ணால் கண்டது அந்த வீடியோவில்தான். காற்றுக் குழாய் ஒன்று கழன்று கிடந்தது. மாட்டிக் கிளிப் போட்டேன், விளக்கு அணைந்தது. காதர் பாய் கையைப் பிடித்துக்கொண்டு துஆ செய்தார். மறுநாள் காலையிலேயே மறுபடி வந்து நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. "அண்ணாச்சி, அந்த வெளக்கத் திரும்ப எரிய விட்ருங்க. அது எரிஞ்சிட்டு இருந்த வரைக்கும் வண்டிக்கு உசுரு இருக்குன்னு ஒரு தைரியம் இருந்துச்சு."

ஒத்திகை

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தனியாக மணிமுத்தாறு வரை ஒத்திகை போனேன். போகும்போது பாலத்தில் ஒரு குலுக்கல். எஸ்தர் உட்காரும் பக்கத்துக் கண்ணாடி சடாரென்று கதவுக்குள் இறங்கிவிட்டது. கண்ணாடியைத் தாங்குகிற பிளாஸ்டிக் கொக்கி முறிந்திருந்தது. ஒரு நாட்டின் எஞ்சினீயர்கள் எல்லாம் சேர்ந்து இரும்பில் அவ்வளவு பெரிய எஞ்சின் செய்துவிட்டு, கண்ணாடிக்கு மட்டும் சீப்புப் பல் அளவுக்கு பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள். அருவிப் பாதை செக்போஸ்ட்டில் வனக்காவலர், குரங்கு தொல்லை, கண்ணாடியை ஏற்றுங்கள் என்றார். ஏறாது என்றேன். சரி, உங்கள் பாடு என்று விட்டுவிட்டார்.

நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கதவைப் பிரித்தேன். கண்ணாடியை மேலே தூக்கி, உள்ளே ஒரு தேக்குக் கட்டையை அடித்து இறுக்கினேன். இனி அது இறங்கவே இறங்காது, குரங்கும் நுழையாது என்று பெருமைப்பட்டேன். வனக்காவலர் அங்கே சொன்னதை மட்டும் எஸ்தரிடம் சொல்லவில்லை: "சார், ஒரு கொரங்கு உள்ள ஏறி ஒக்காந்துச்சு. நாலா பக்கமும் பாத்துட்டு ஒண்ணையும் தொடாம அதுவே எறங்கிப் போயிட்டு."

களக்காடு

கல்யாண நாள். கொளுத்துகிற வெயில். எஸ்தர் பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, மடியில் பரிசுப் பாத்திரம். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. நாங்குநேரி வரும் வரை நான் பாட்டுப் பாடாத குறை. அங்கிருந்து களக்காடு ரோட்டில் திரும்பினால் ரயில்வே கேட் சாத்திக் கிடக்கிறது. கேட்டில் நின்றால் அது நின்ற கணக்கா என்று கேட்டேன். அவள் யோசித்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் நின்றதாகாது என்று தீர்ப்புச் சொன்னாள். நியாயமான மனுஷிதான். ஆனால் நிற்கிற நேரத்தில் எஞ்சினுக்குக் காற்றடிக்க வேண்டிய ஃபேன் சுற்றவில்லை. சூடு காட்டுகிற முள் பைய மேலே ஏறியது. எஞ்சினை நிறுத்தினால் இரும்புக் கடை. நிறுத்தாவிட்டால் எஞ்சின் வெந்துவிடும், அப்போதும் இரும்புக் கடைதான்.

ஒரே வழிதான் இருந்தது. ஐரோப்பியக் கார் என்பதால், பனிக்காலத்தில் உள்ளே இருப்பவர் குளிர் காய்வதற்கு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூடு எல்லாம் நம்மீது அடிக்கும், எஞ்சின் தப்பிக்கும். முழுக்கத் திறந்துவிட்டேன். எஸ்தர் கண்ணாடியை இறக்கப் பட்டனை அழுத்தினாள். தேக்குக் கட்டை ஒழுங்காக வேலை செய்தது. என் பக்கத்துக் கண்ணாடி வழியாக வந்ததும் அனல்தான். ரயில் போய், கேட் திறந்தும் ஹீட்டரை அணைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. முள் இறங்கியது, பிச்சிப்பூ கருகியது. களக்காடு வரை அவள் ரோட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறியலில் தடியடி வாங்கிய நாளில்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

கோயில் வாசலில் போய் நிறுத்தினேன். வழியில் எங்கும் எஞ்சின் நிற்கவில்லை. முகமெல்லாம் வியர்வை வழிய எஸ்தர் இறங்கியதும் தங்கை ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அழாதக்கா, பிள்ள இங்கனதான இருக்கப் போறா," என்று தானும் அழ ஆரம்பித்தாள். எஸ்தர் அவளை விலக்கிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "சொன்ன சொல்லு மாற மாட்டேன். வண்டி நிக்கல, வீட்டுலயே இருக்கட்டும். திரும்பிப் போகையில நான் பஸ்ல வாரேன், நீங்க அது கூட வாங்க."

பழைய ஐரோப்பியக் காரைக் குறைந்த செலவில் வீட்டிலேயே ஓட வைத்துவிடலாம் தோழர்களே, அதில் இரண்டாவது ஆளை உட்கார வைக்கத்தான் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கவில்லை.