அறைக்குள் ஐந்தாவது ஆள்

நான், காளியம்மா, முருகேஸ்வரி, கருப்பசாமி, என் தங்கை பேச்சி. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அறையில் இத்தனை பேரும் இருந்தோம். சீசனுக்கு ஆள் கேட்டார்கள் என்று பேச்சியைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

பத்தாவது படிக்கும் என் மகள் அறிவியல் பாடத்துக்காக எங்கள் வேலையைப் பற்றி எழுதினாள். அறைக் கதவில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே யார் யார் என்று கேட்டாள். சொன்னேன்.

“கதவுல நாலு பேருன்னுதானம்மா எழுதியிருக்கு?”

“சீசன்ல அதையெல்லாம் யாரு பாக்கா?”

“தீப்பிடிச்சா நாலு பேரு வெளிய ஓடத்தான் அந்தக் கணக்கு. அப்ப உள்ள மாட்டுறது யாரு, சித்தியா?”



மறுநாள் போர்மேனிடம் போனேன். “அண்ணாச்சி, பேச்சிக்கு வேற எடம் குடுங்க. அதுவரைக்கும் நான் உள்ள போகமாட்டேன்.”

“ஏத்தா, மக படிச்சா நீ டீச்சராயிட்டியோ?”

“ஆமா அண்ணாச்சி” என்று வாசலிலேயே நின்றேன். லோடு போகவேண்டிய நாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பேச்சியைப் பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்.

அங்கே கூலி கம்மி. பேச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், நான் செய்தது சரிதான்.

எங்கள் அறையில் இப்போது நாலு பேர்.