சாமிமுடியும் சைக்கிள் சொல்யூஷனும்

உக்கிரபாண்டி என்கிற பெயருக்கும் எங்கள் அண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். கோழி குறுக்கே வந்தால்கூட நின்று வழிவிட்டுப் போகிற மனுஷன். என் பெரியப்பா மகன், எனக்கு அடுத்த வீடு. அபிராமத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் யார் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான். "சரி."

அப்படிச் சரி சொல்லித்தான் தொண்ணூற்றி மூன்றில் மாட்டிக்கொண்டார். நாகலெட்சுமி மதினிக்கு எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சர் வேலைக்குப் பெயர் வந்திருந்தது. ராமநாதபுரத்தில் தங்கிப் பயிற்சி முடித்தால்தான் வேலை. "பிள்ளைகள நீங்க பாத்துக்கிருவீங்களா?" என்று மதினி கேட்டார். "சரி" என்றார் அண்ணன். அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூட அதுவரை அவருக்குத் தெரியாது.

மாசி மாதம், மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம். பஸ் ஏறும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன ஆனாலும் பிள்ளைகள அங்கன கூட்டிட்டு வந்து என் கண்ணுல காட்டிராதீங்க. பாத்தா நான் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பி வந்துருவேன்." கிளம்பி வந்தால் வேலை போய்விடும். மழையை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்கு மாதச் சம்பளம் என்றால் சும்மாவா? அதைவிட, பத்தாவது படித்துவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த மதினிக்கு அந்த வேலை மேல் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும்.

ஊரில் சும்மா இருப்பார்களா? "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாகள்ல, அத பாக்கத்தான் போறோம்" என்று குழாயடியில் ஒரே சிரிப்பு.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் வீரலட்சுமி, இரண்டாம் வகுப்பு. அண்ணனுக்கு வாய்க்காத உக்கிரமெல்லாம் இவளிடம் சேர்ந்திருந்தது. இளையவன் சோணைமுத்து, மூன்று வயது. அவன் தலையில் இடுப்புவரை முடி. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட பிறந்தமுடி. குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் மொட்டை அடிக்க வேண்டும். அதுவரை கத்தி படக்கூடாது. ஒரு வயதில் எடுத்திருக்க வேண்டியது. எடுக்க முடியாததற்குக் காரணம் ஒரு கிடாத்தலை.

வீரலட்சுமிக்குக் காது குத்தியபோது கிடா வெட்டினார்கள். தலை எனக்குத்தானே என்று பூசாரி கேட்டார். அண்ணன் சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து மதினியின் அண்ணன் செல்லச்சாமி வந்து, "தாய்மாமனுக்குத்தான மாப்ள தலை?" என்று கேட்டார். அதற்கும் சரி என்றார். கிடாவுக்கு இருந்தது ஒரு தலை. பூசாரி அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். செல்லச்சாமி பந்தியிலிருந்து எழுந்தவர்தான், தேவிபட்டினத்தில் கடை வைத்துப் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சோணைமுத்து பிறந்ததற்கும் வரவில்லை. அதனால் பையன் சடையும் பூவுமாகத் திரிந்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டார்கள்.

முதல் நாளே வீரலட்சுமி பள்ளிக்கூடம் போன கோலத்தைப் பார்த்தேன். அண்ணனுக்கு மாட்டுக்கயிறு திரிக்கத் தெரியும். அதே முறுக்கில் சடை போட்டிருந்தார். பிள்ளைக்குப் புருவம் இரண்டும் மேலே ஏறிப்போய்க் கண்ணை மூட முடியவில்லை. வாத்தியார், "ஏன் என்னைய மொறைக்கிற?" என்று கேட்டாராம். "நான் மொறைக்கல சார். எங்க அய்யா சடை போட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். களத்தில் காய்ந்த மிளகாயைக் காலையிலிருந்து கையால் கிண்டிக்கொண்டிருந்தவர், பையன் வெளிக்கிருந்துவிட்டு "அய்யா, கழுவு" என்று கூப்பிட, அப்படியே போய்க் கழுவிவிட்டார். மிளகாய்க் காட்டில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு, கையைச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. சோணைமுத்து களத்தை மூன்று சுற்று ஓடினான். அண்ணன் செம்பும் கையுமாகப் பின்னால் ஓடினார். "தண்ணி ஊத்தாதண்ணே, இன்னும் எரியும்!" என்று நான் கத்துவதற்குள் ஊற்றிவிட்டார். கடைசியில் என் வீட்டு மோர்ச் சட்டியில்தான் பையனை உட்கார வைத்தோம். அவன் விக்கிக்கொண்டே மோருக்குள் உட்கார்ந்திருந்தான். அண்ணன் எதிரே குத்தவைத்து, "அய்யாவ அடிச்சிருடா" என்று கன்னத்தைக் காட்டினார். பையன் நிஜமாகவே அடித்தான். அதற்கும் "சரி" என்றார்.

அந்தச் சட்டியை நான் அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கத்தான் வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் சிரித்துத் தீர்க்கிற சங்கதி. வீரலட்சுமி செய்ததுதான் சிரிப்பில் அடங்கவில்லை. தம்பிக்குச் சடை போடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். அய்யா கையில் மறுபடி தலையைக் கொடுக்க இரண்டு பேருக்குமே பயம். ஆனால் அவள் போட்ட சடை நிற்கவில்லை, வைத்த பூ விழுந்தது. அய்யா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். சொல்யூஷனைத் தடவி, ஊதிக் காய வைத்து அமுக்கினால் ட்யூபே ஒட்டும்போது பூ ஒட்டாதா? ஒரு ட்யூப் சொல்யூஷனையும் தம்பி தலையில் பிதுக்கி, கனகாம்பரத்தை வைத்து அமுக்கி, ஊதிக் காயவும் வைத்துவிட்டாள். களத்திலிருந்து வந்த அண்ணனிடம், "இனிமே விழாது அய்யா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

எண்ணெய் போட்டோம். மண்ணெண்ணெய் போட்டோம். இளகுகிற மாதிரி இளகிப் பக்கத்து முடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நாலு நாளில் தலை முழுவதும் ஒரே சிக்கு. வெயிலும் சேர, உள்ளே புண் வைத்துவிட்டது. பையன் இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு "அம்மா, அம்மா" என்று அழுதான். முடி வெட்டுகிற மலையாண்டியைக் கூப்பிட்டோம். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

"சாமிமுடி. தாய்மாமன் மடி இல்லாம நான் கைவைக்க மாட்டேன். நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாக?"

"சரி" என்றார் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரின்னா? என்ன சரி? கெளம்புண்ணே தேவிபட்டினத்துக்கு" என்றேன். இரண்டு பிள்ளைகளோடு அவரைத் தனியாக அனுப்பினால் பரமக்குடியில் ஒன்று, ராமநாதபுரத்தில் ஒன்று என்று விட்டுவிட்டு வருவார். நானும் கூடவே போனேன்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் மாறும்போது அண்ணன் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார். மதினி படிக்கிற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். பையன் தலையையும் ஒரு துண்டால் சுற்றியிருந்தோம். பார்க்கிறவர்களுக்கு, பிள்ளை பிடிக்கிறவன் மாதிரிதான் இருந்திருக்கும்.

செல்லச்சாமியின் கடை தேவிபட்டினத்தில் கடலுக்குப் போகிற வழியில். நவக்கிரகம் சுற்ற வருகிறவர்களுக்கு நவதானியப் பொட்டலமும் தேங்காயும் விற்கிறார். எங்களைப் பார்த்துவிட்டுப் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை.

"யாரு? பூசாரிக்குத் தலை குடுத்த மகராசனா?"

அண்ணன் பையனை முன்னால் தள்ளி, துண்டை அவிழ்த்தார். செல்லச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"இதென்ன தலையா, தூக்கணாங்குருவிக் கூடா?"

வீரலட்சுமிதான் பதில் சொன்னாள். "மாமா, தம்பிக்கு ஒங்க மடி வேணுமாம். அதுக்குத்தான் வந்தோம். மடிய மட்டும் தாங்க, போயிருவோம்."

செல்லச்சாமி பொட்டலத்தைக் கீழே வைத்தார். பையனைத் தூக்கி மடியில் வைத்துப் புண்ணைப் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "வர்ற வெள்ளிக்கெழமையே மொட்டைய வச்சிருவோம் மாப்ள. கெளம்புங்க. தங்கச்சிய இப்பவே போயிக் கூட்டிக்கிருவோம். பெத்தவ இல்லாம முத மொட்டையா?"

நான் கிள்ளுவதற்குள் அண்ணன் "சரி" என்றுவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது, மதினி அன்றைக்குச் சொன்னதை நான் என்னென்னவோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். செல்லச்சாமி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தூங்குகிற பையனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பயிற்சி நடக்கிற கட்டடத்தின் கேட்டில் சொல்லிவிட்டதும் மதினி ஓடி வந்தார். கையில் கிழிந்த துணியில் செய்த பொம்மை. பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். சோணைமுத்து ஒரு சத்தம் போட்டான், அவ்வளவுதான், என் கையிலிருந்து அவர் இடுப்புக்குப் போய்விட்டான். துண்டு நழுவியது. மதினி அந்தத் தலையைத் தொட்டார்.

"என்னங்க இது?"

அண்ணன் சொல்லாததையெல்லாம் வீரலட்சுமி சொல்லி முடித்தாள். மாட்டுக்கயிற்றுச் சடை, மிளகாய்க் கை, மோர்ச் சட்டி, சொல்யூஷன், புண், ஒன்றையும் விடவில்லை. மோர்ச் சட்டி வரும்போது மதினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"போதும் அண்ணே. இங்கனயே நில்லுங்க. பெட்டிய எடுத்துட்டு வாரேன்" என்றார் செல்லச்சாமியைப் பார்த்து.

பின்னாலேயே வந்து நின்ற பயிற்சி டீச்சர் அம்மா தன்மையாகத்தான் சொன்னார்: "நாகலெட்சுமி, நடுவுல ஒரு நாள் போனாலும் திரும்பச் சேர முடியாதும்மா. உங்க ஊருக்கு அடுத்த ஆளைப் போட்டுருவாங்க. யோசிச்சுக்கோ."

"போட்டா போடட்டும்" என்றார் செல்லச்சாமி. "பிள்ளைக்கு மேலயா வேலை?"

மதினி திரும்பி உள்ளே நடந்தார். அப்போதுதான் அண்ணன் பேசினார்.

"நாகு, வேண்டாம்."

எங்கள் எல்லோருக்கும் அது புதுச் சத்தமாக இருந்தது. மதினி நின்றார்.

"என்ன வேண்டாம்? ஒங்களால முடியுமா?"

"முடியாது" என்றார் அண்ணன். "எனக்கு முடியல. சோறு பொங்குனா கொழையுது. சடை போட்டா பிள்ளைக்குக் கண்ணு மூடல. இவன் ஒன்னையக் கேட்டு அழுதா எனக்கும் அழுகை வருது. இன்னும் எத்தன நாள் ஆனாலும் எனக்கு வராது. ஆனா நீ இன்னைக்கு வந்தியின்னா நாளைக்கே வீடு நல்லாயிரும். அப்பறம் ஒன்னைய எங்கயும் அனுப்பிவைக்க எனக்கு மனசு வராது. நீ உள்ள போயிரு."

"இவனுக்கு மொத மொட்டை. நான் பாக்க வேண்டாமா?"

அண்ணன் கையை மட்டும் நீட்டினார், பையனை வாங்க.

மதினி ரொம்ப நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோணைமுத்துவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை மட்டும் மெதுவாக ஒதுக்கி முத்தம் கொடுத்தார். சேலையைப் பிடித்திருந்த அவன் விரல்களை அவரேதான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். துணிப் பொம்மையை வீரலட்சுமியிடம் கொடுத்தார். "மொட்டை அடிச்சதும் சந்தனம் தடவணும். மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வந்திருப்பார்.

கேட்டைச் சாத்தினார்கள். சோணைமுத்து தெருவே கேட்கும்படி அழுதான். அண்ணன் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அவனைவிடச் சத்தமாகத் தானும் அழுதார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். செல்லச்சாமி தன் துண்டை உருவி அவரிடம் நீட்டினார். அண்ணன் அதை வாங்கிப் பையனின் மூக்கைத்தான் துடைத்தார்.