சுவர் சுவிட்சும் என் கையும்

மகளின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் திறப்பதற்குள் நான் தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவேன். உள்ளே கறகறவென்று சத்தம் வேறு.

கிங்ஸ்பரியிலிருந்து வந்து பார்த்த நண்பர் சிவா சொன்னார்: “அண்ணை, ஹார்ட் டிஸ்க் சாகப்போகுது. எல்லாத்தையும் கொப்பி பண்ணுமட்டும் நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினா திரும்ப எழும்பாது.”

மகள் நாளை பள்ளியில் கொடுக்கவேண்டிய ஏ லெவல் புரொஜெக்ட் அந்த டிஸ்கில்தான். அதைக் கொப்பி பண்ண அவள் பிளொப்பி வாங்கக் கடைக்கு ஓடினாள்.

நான் வேலைக்குப் புறப்பட்டேன். வெளியே போகும்போது சுவர் சுவிட்சுகளை எல்லாம் அணைப்பது என் பழக்கம். என் கை மூளையிடம் கேட்பதில்லை. அணைத்துவிட்டது.

வேலையிடத்துக்குப் போன் வந்தது.

“அப்பா, ஏன் ஓஃப் பண்ணினீங்கள்?”

பிறகு அழுகைதான்.

இதை வேலையிடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து நம் இணையக் குழுவுக்கு எழுதுகிறேன். செத்த டிஸ்கை எழுப்பத் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று தெரிந்தவர்களும் எழுதலாம்.