கிரீம் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன்

என் மனைவிக்கு வலது தோளில் வலி. எங்கள் பசுக்களின் பாலை உறைய வைத்து, தயிரைக் கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக விற்பவள் அவள்தான். ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் அந்த நெய்க்கு நல்ல பேர். ஆனால் கயிற்றைப் போட்டு மத்தை இழுத்து இழுத்து, தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியாமல் போய்விட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து, வீட்டில் ஃபேனுக்கடியில் பொறுப்பாக இருந்துகொண்டிருந்தவன் நான். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தேர்ந்து, புதுக்கோட்டைக்குப் போய்க் கிரீம் மெஷின் வாங்கிவிட்டேன். பாலை ஊற்றி சுவிட்சைப் போட்டால் ஒரு மூக்கில் கிரீம் வரும், இன்னொரு மூக்கில் கொழுப்பெடுத்த பால் வரும். திரும்பும்போது பஸ்ஸில், லக்கேஜுக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டருக்கே இதை விளக்கினேன். பாவம், அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் எங்கள் ஊரில் தொடமாட்டார்கள். நான் ஒரு படி மேலே போய் மெஷினைக் கழற்றினேன். உள்ளே சின்னச் சின்னப் புனல்கள் போலத் தகரத் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் தாராளமாகப் பொட்டு வைத்தேன்.

"மேல வச்சாப் பத்தாதாங்க?" என்றாள்.

"உள்ள இருக்கதுதான வேலை பாக்குது" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

காலையில் கறந்த பால் முழுவதையும் ஊற்றி சுவிட்சைப் போட்டேன். இடையில் சந்தனம் அப்பியிருந்ததால் தட்டுகள் சரியாகப் படியவில்லை. மெஷின் அலறிக்கொண்டு பெஞ்சின்மேல் நகர்ந்து என்னை நோக்கி வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று நிலைமையைக் கண்காணித்தேன். அவள்தான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு மூக்கிலும் ஒரே பால், அதுவும் ரோஸ் கலரில். கன்றுக்குட்டிகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குழாயடியில் உட்கார்ந்து அவள் தட்டுகளைத் தேய்த்தாள். காய்ந்த சந்தனம் லேசில் விடவில்லை. நான் பக்கத்தில் நின்றபடி, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று பாடம் நடத்தினேன்.

"இத தெனமும் கழுவணுமா?"

"ஒவ்வொரு தடவையும் கழுவணும். இல்லன்னா வாடை வந்துரும்."

கையை நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, அலுப்புத்தான்.

"தோளு வலிக்கிதுன்னுதான சொன்னேன். மெஷினா கேட்டேன்? நீங்க கொஞ்சம் கடைஞ்சு குடுத்திருந்தாப் போதுமே."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வீடியோ பார்த்தவனுக்கு இந்த யோசனை மட்டும் வரவே இல்லை. மிச்சத் தட்டுகளை வாங்கி நானே தேய்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் கடையலாம் என்று வீராப்பாக அடுப்படிக்குப் போனேன். மத்து எங்கே இருக்கிறது என்று அவளை எழுப்பித்தான் கேட்க வேண்டியிருந்தது.