வரப்பில் வந்த கட்டில்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், மேலூருக்குக் கிழக்கே கல்லுடைக்கிற ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. அங்கே கல் வெட்டியெடுக்கிற பள்ளத்தை, கல் கிடங்கு என்போம், அதில் உலை போட்டு உளி காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் மழுங்கிய உளிகளை வாங்கி வைத்துக்கொண்டு, முனையைக் காய்ச்சித் தட்டி, விடிந்ததும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதை விடப் பெரிய குறை, நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. இதைக்கூட யாரிடமும் வாயால் சொன்னதில்லை. எழுதுவதுதான் சுலபமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மேலூருக்கு நடந்து போவோம். என் மனைவியால் மட்டும் போக முடியாது. கல்யாணமான சில வருஷத்தில் ஒரு காய்ச்சல் வந்து, இடுப்புக்குக் கீழே பலம் போய்விட்டது. வீட்டு முன்னால் போட்ட ஓலைப் பந்தலின் கீழே நார்க்கட்டில்தான் அவளுக்கு எல்லாம். மதுரையில் மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தவள், நன்றாகப் பாடுவாள். வண்டியில் போனால் குலுக்கலில் வலி தாங்க மாட்டாள். கட்டிலோடு தூக்கிப் போகலாம் என்று அவள் அண்ணன், அதாவது என் மச்சான், எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"கட்டில்ல வச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போறது நான் கண்ணை மூடின பிறகு நடக்கட்டும்ணே. இப்ப வேணாம்" என்று முடித்துவிடுவாள்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. "நம்ம ஊர்லயே வாராவாரம் ஆராதனை நடந்தா, பாட்டுச் சத்தமாச்சும் காதுல விழும்ல?" என்பாள்.

கிடங்கை ஒட்டிய மேட்டில் எங்கள் ஆட்கள் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும், நடுவில் வயல். மாதம் ஒரு தடவை போதகர் சைக்கிளில் வந்து அங்கே ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். வாரா வாரம் நடத்த வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது அவர் சொன்னார்: "அனுப்புவதற்கு என்னிடம் ஆள் இல்லை. நீங்களே கூடி, நீங்களே பாடி ஓர் ஆராதனை நடத்திக் காட்டுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு வருகிறேன். நடந்தால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மேலூருக்கே வாருங்கள். யார் பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்கள்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். பேசவில்லை, நின்றேன், அவ்வளவுதான்.

"மாப்ள, நீயா?" என்று மச்சான் சிரித்துவிட்டார். "ஆமென் சொல்றதுக்கே உனக்குச் சத்தம் வராதேடா!"

எப்படி ஆள் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உளி கொடுக்கப் போகும் வீடுகளில் உளியைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றேன். முதலில் மச்சான் வீடு.

"என்ன மாப்ள, உளியைக் குடுத்துட்டும் நகர மாட்டேங்கிற? எதுவும் விசேஷமா?"

தலையைச் சொறிந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி சரி, வாரேன். தங்கச்சிக்காக வாரேன். உன் மூஞ்சிக்காக இல்ல" என்றார்.

இப்படியே ஒவ்வொரு வீட்டிலும் நின்று நின்றே ஆள் சேர்ந்தது. உளியே இல்லாத வீடு ஒன்று இருந்தது. ஆடு மேய்க்கிற அக்கா வீடு. கணவர் இல்லாதவர், வாய்க்கு ஊரே பயப்படும். கையில் ஒன்றும் இல்லாமல் அங்கே போய் நின்றது எனக்குப் பெரிய பாடு.

"என்ன தம்பி, உளி தீட்ற வீடு அந்தப் பக்கம்ல?"

"பாட்டுக்கு... ஆள்..." என்றேன்.

"நானா? என் குரலுக்கு ஆடுதான் திரும்பிப் பாக்கும்!"

"அது போதும்க்கா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டிலும் ஒருத்தி கதவைத் திறந்து, நானும் வாரேன் என்றாள்.

ஆட்கள் சேர்ந்தார்கள், பாட்டு வேண்டுமே. புத்தகத்திலிருந்து படிக்கலாம் என்றால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. என் மனைவிதான் வழி சொன்னாள். "அறுப்புப் பண்டிகைன்னா நன்றி சொல்றதுதானே? அவுகவுக நன்றியை அவுகவுக பாடட்டும்" என்றாள். வருகிற ஒவ்வொருவரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்க எதுக்குச் சாமிக்கு நன்றி சொல்லுவீங்க?" என்று கேட்டாள். மச்சான், மேலிருந்து உருண்டு வந்த கல் தன் காலுக்கு முன்னால் நின்றதைச் சொன்னார். அக்கா, கொட்டுகிற மழையில் ஆடு ரெட்டைக் குட்டி போட்டு இரண்டும் பிழைத்ததைச் சொன்னார். ஒருத்தி கிணற்றில் தண்ணீர் வற்றாததைச் சொன்னாள். என் மனைவி அவர்கள் சொன்ன பேச்சையே எடுத்து, ஆளுக்கு ஒரு சரணமாக மெட்டில் கட்டிக் கொடுத்தாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பல்லவி. எதையும் எழுதவில்லை. எல்லாம் அவள் மனசுக்குள்தான் இருந்தது.

என்னையும் கேட்டாள். நான் எழுந்து போய் மழுங்கிய உளிகளை எண்ண ஆரம்பித்தேன். "அப்ப உங்களுக்குச் சரணம் கிடையாது, போங்க" என்று சிரித்தாள்.

"உன் சரணம் எங்க ஆத்தா?" என்று அக்கா அவளைக் கேட்டார்.

"எனக்குக் கால் வந்தா கட்டிக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டாள்.

கிடங்கு விட்டு வருகிறவர்கள் ஒரு நேரம், வயலில் இருந்து வருகிறவர்கள் ஒரு நேரம், ஆடு அடைத்துவிட்டு அக்கா ஒரு நேரம். யார் வந்தாலும் கட்டிலில் அவள் இருந்தாள். பொழுது சாயும் வேளையில் எங்கள் வாசலில் பாட்டு ஓயாது. யாருக்கு அடுத்து யார் என்பதை அவள் கையை நீட்டிக் காட்டுவாள். அந்த ஆள் எடுப்பார்.

நடுவில் இருந்த வயலுக்குச் சொந்தக்காரர் ஒரு பெரிய சம்சாரி, அதாவது விவசாயி. நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் அவர் வயலில் நாற்று நட்டவர்கள்தான். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்ததில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. கொட்டகைக்குப் பாயும் பானையும் சுமந்து நாங்கள் அவர் வரப்பில்தான் போய்வர வேண்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏப்பா, மிதிச்சு மிதிச்சே வரப்பைக் கரைச்சுருவீங்க போல! பாட்டுப் படிக்கிறீங்களா, பரம்படிக்கிறீங்களா?" என்று களத்திலிருந்து கத்துவார். பரம்படிப்பது என்றால் சேற்று வயலைப் பலகை போட்டு இழுத்து மட்டமாக்குவது. நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். "கதிரு முத்தி நிக்கிது. ஒரு தாளு சாஞ்சாலும் சும்மா இருக்க மாட்டேன்" என்பார். இத்தனைக்கும் அவருடைய பண்ணையாள் கதிர்க் கட்டு தூக்கும்போது எங்கள் பல்லவியைத்தான் முனகிக்கொண்டிருப்பான்.

பண்டிகை நாள் வந்தது. நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கொட்டகையைச் சாணி போட்டு மெழுகச் சொல்லி, பாய் விரித்து, வாசலில் கரும்பு கட்டி, மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைக்கூடத் துடைத்து வைத்தேன். நெற்கதிர், பூசணிக்காய், கோழி என்று அவரவர் காணிக்கை முன்னால் நிறைந்திருந்தது. போதகர் வந்து உட்கார்ந்தார். புறப்படும்போது என் மனைவி, "போய்ட்டு வாங்க. நான் இங்க இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

பல்லவி நன்றாகக் கிளம்பியது. மச்சான் தன் சரணத்தைப் பாடினார். திரும்பப் பல்லவி. அதற்கடுத்து இரண்டு பேர் ஒரே சமயத்தில் வாய் திறந்து, ஒருவரை ஒருவர் பார்த்து மூடிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் ஒருத்தி ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். அப்புறம் ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் கட்டில் இருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பது போல வெறும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கை நீட்டாமல் இவர்கள் ஒரு நாளும் பாடியதில்லை. அவரவருக்கு அவரவர் சரணம் தெரியும். முழுப் பாட்டு ஒருவருக்கும் தெரியாது. பாயையும் பானையையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

போதகர் காத்திருந்தார். காணிக்கைக் கோழி கொக்கரித்தது. திடீரென்று மச்சான் எழுந்து வெளியே ஓடினார். அவர் பின்னால் அக்கா. அப்புறம் ஒவ்வொருவராகப் பாடகர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

"எங்கே போகிறார்கள்?" என்று போதகர் என்னைக் கேட்டார். வெட்கப்பட்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இனி மேலூர்தான், அவள் காதில் எதுவும் விழப் போவதில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் காதில் விழுந்தது கிடங்கில் கல் தூக்கும்போது கேட்கிற சத்தம். "பாத்து... பாத்து... தோளு மாத்து..." அதற்கு மேலே ஏறி, ஆடு திரும்பிப் பார்க்கிற அக்காவின் குரல். ரெட்டைக் குட்டிச் சரணம்! அது முடிந்ததும் பல்லவி. அதற்கடுத்துக் கிணற்றுச் சரணம், தடங்கலில்லாமல்.

வாசலுக்குப் போனேன். வெயிலில் வயல் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. வரப்புக்கு நேர் மேலே என் மனைவியின் கட்டில் மிதந்து வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி அவள் ஆள் காட்டிக்கொண்டே வந்தாள்.

வரப்பு ஒற்றையாள் நடக்கிற அகலம்தான். தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் வயலில் இறங்கித்தான் நடக்க வேண்டும். இடது பக்கம் அறுத்த தாள். அங்கே மச்சானும் இன்னொரு பாடகரும். வலது பக்கம் அறுக்காத கதிர், முழங்காலுக்கு மேலே முற்றி நின்றது. அந்தக் கதிருக்குள் இறங்கி, பின்னால் ஒரு கட்டில்காலைப் பண்ணையாளும், முன்னால் ஒரு கட்டில்காலை அந்த நிலத்துக்காரரும் தோளில் வைத்து வந்தார்கள். நிலத்துக்காரர் தன் நெல்லைத் தானே மிதித்துக்கொண்டு வந்தார்.

என் கண்ணை நான் நம்பவில்லை. போதகரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

நடந்ததைப் பிற்பாடு மனைவி சொன்னாள். பாட்டு நின்றதும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. களத்தில் இருந்த நிலத்துக்காரருக்கும் பாட்டு நின்றது தெரிந்திருக்கிறது. எங்கள் தெரு முனையில் வந்து நின்று, "என்ன தாயி, பாதியில நிறுத்திட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் இல்லாம அதுகளுக்கு வரிசை தெரியாதுங்கய்யா."

"அப்ப நீ போக வேண்டியதுதானே?"

அந்த நேரம் மச்சான் மூச்சு வாங்க ஓடி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவள், "தூக்குங்கண்ணே" என்றாளாம். அதுவரை ஒருநாளும் அவள் வாயிலிருந்து வராத சொல். கட்டில் வரப்புக்கு வந்ததும் வலது பக்கம் இறங்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "என் வயலு. நான் மிதிச்சா எவன் கேக்குறது? தள்ளுங்கப்பா" என்று இறங்கினாராம்.

கொட்டகைக்குள் கட்டிலை இறக்கிவிட்டு அவர் வெளியே போய் நின்றார். வேட்டியெல்லாம் நெல்மணி ஒட்டியிருந்தது. "உள்ளே வந்து உட்காருங்கள்" என்று போதகர் கூப்பிட்டார். "இருக்கட்டுங்கய்யா, களத்துல வேலை கெடக்கு" என்றார். ஆனால் போகவில்லை. கரும்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

எல்லாச் சரணமும் முடிந்தது. அவள் கையை இறக்கவில்லை. யாரைக் காட்டப் போகிறாள் என்று பார்த்தோம். கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, நாங்கள் யாரும் கேட்டிராத ஒரு சரணத்தைப் பாடினாள். வரப்பில் வரும்போதே கட்டியிருக்கிறாள்.

"போன காலு ரெண்டு சாமி,
வந்த காலு எத்தனை!"

பல்லவி எடுக்க ஒருவருக்கும் குரல் வரவில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது, நான் எடுத்தேன். என் குரல் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வெளியே கரும்போரம் இன்னொரு ஆண்குரலும் மெதுவாகச் சேர்ந்தது.

போதகர் அன்று பிரசங்கம் செய்யவில்லை. "வாராவாரம் நீங்களே நடத்துங்கள். நான் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்" என்று சொல்லி ஜெபம் பண்ணினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் எனக்குப் புது வேலை வந்தது. கட்டில் தூக்குவதற்குப் போட்டி போடுகிறவர்களுக்கு முறை வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மறு நடவுக்கு முன்னால் அந்த வரப்பை நிலத்துக்காரர் வெட்டி அகலமாகப் போட்டார், இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற மாதிரி. "எதுக்குங்கய்யா இம்புட்டு அகலம்?" என்று மச்சான் கேட்டதற்கு, "மாடு போறதுக்குடா" என்றார். அதில் மாடு போய் நாங்கள் பார்த்ததில்லை.

ஆள் சேர்த்தவன் நான்தான் என்று இப்போதும் ஊரில் சொல்கிறார்கள். ஆனால் முற்றின கதிருக்குள் இறங்கி வா என்று ஒரு மனிதரைக் கேட்க எந்த வாய்க்கும் துணிவு வந்திருக்காது, அவரைச் சேர்த்தது சாமிதான் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த வரப்பில் கால் வைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.