காதர் பாய் மெஷினும் என் பைட்டுகளும்

எங்கள் தொழிலில் தப்பு செய்தால் அது திரையில் தெரியாது. யாரோ ஒருவருடைய சட்டையில் தெரியும்.

திருப்பூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எம்ப்ராய்டரி மெஷின்களுக்குக் கோப்பு எழுதித் தரும் நிரல் என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயரோ, பூவோ, மயிலோ, மெஷினுக்கு அது படம் அல்ல, வெறும் பைட் வரிசை. ஒரு தையலுக்கு மூன்று பைட். ஊசி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது அந்த மூன்றுக்குள் இருக்கும். கோப்பைத் திறந்து, பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, மூட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். பைனரி கோப்பு எழுதி அடி வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

சொந்த ஊர் கணியூர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இது நடந்தபோது மூன்று மாதச் சோதனைக் காலத்தில் இருந்தேன். ஒரு மின்னஞ்சலை அனுப்புமுன் நான்கு முறை படிப்பேன். முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. எங்களிடம் கோப்பு வாங்கும் எம்ப்ராய்டரி யூனிட் ஒன்றில் செக்கிங் பார்க்கும் செல்வி அக்கா சொல்லிக் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு சட்டை

ஒரு பள்ளிச் சீருடை ஆர்டர். சட்டைப் பையின் மேல் பள்ளியின் பெயர், அதன் கீழே ஒரு கோடு. எங்கள் அலுவலகத்திலிருந்து போன கோப்பு. மெஷினை ஓட்டியவர் காதர் பாய். பன்னிரண்டு தலை மெஷின் அது. ஒரே நேரத்தில் பன்னிரண்டு சட்டையில் தைக்கும். பெயர் அழகாக விழுந்திருக்கிறது. கீழே கோட்டுக்கு வந்ததும் பன்னிரண்டு ஊசியும் தறிகெட்டு ஓடி, பெயரின் மேலேயே கிறுக்கிவிட்டன. காதர் பாய் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

முதலாளி வந்து பார்த்தார். "டிசைன்லதான் ஏதோ கோளாறுங்க" என்று காதர் பாய் சொன்னதற்கு, "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க பாய், நீங்க துணியை ஃபிரேம்ல சரியா மாட்டலை" என்று சொல்லிவிட்டார். கூடவே, இன்னொரு தடவை இப்படி ஆனால் மெஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவரை நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருடம் மெஷின் ஓட்டியவரை நூல் வெட்ட உட்கார வைப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை.

செல்வி அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, பன்னெண்டு சட்டையிலயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி கிறுக்கியிருக்கு. பன்னெண்டு ஃபிரேமையும் ஒரே மாதிரி தப்பா மாட்டுததுக்கு அவரு என்ன மந்திரவாதியா?"

என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருக்கிறது

தலைப்பைப் பார்த்ததும் உங்களில் பாதிப்பேர் தலையில் கை வைத்திருப்பீர்கள். ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

செல்வி அக்காவிடம் பேசுவதற்கு முன்பே, சம்பவம் நடந்த அன்றே, புகார் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. அலுவலகத்தை நடத்தும் ரேவதி மேடம் என்னைப் பார்க்கச் சொன்னார். அதே பள்ளிப் பெயரை என் லேப்டாப்பில் கொடுத்து, நிரலை ஓட்டி, வந்த கோப்பைத் திரையில் வரைந்து காட்டினேன். பெயர், கோடு, எல்லாம் மணியாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பு என்னுடையது இல்லை, வேலை போகாது என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

மேடம் ஸ்பீக்கரில் போட்டு யூனிட் முதலாளியிடம் பேசினார். எங்கள் பக்கம் சோதித்துவிட்டோம், கோப்பு சரியாக இருக்கிறது என்றார். அந்தப் பக்கம் கோபமே இல்லை. மிக மரியாதையாகப் பதில் வந்தது.

"அப்படீங்களா, அப்ப எங்க ஆளு மேலதானுங்க தப்பு. இன்னொரு வாட்டி அதையே ஓட்டச் சொல்றேனுங்க, அப்பவும் கெடுத்தா திங்கக்கிழமை ஆளை மாத்திப்போடறேன்."

திரும்பி நின்ற மயில்

வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டினார்கள். மறுபடி கிறுக்கியது. இந்த முறை பழைய துணியில் ஓட்டியதால் சட்டை எதுவும் பாழாகவில்லை. காதர் பாயின் பெயர்தான் பாழானது. அன்று மத்தியானம் நானே யூனிட்டுக்குப் போனேன். அப்போதுதான் செல்வி அக்கா முதல் நாள் கதையைச் சொன்னார். கேட்ட பிறகு காதர் பாய் முன்னால் போய் நிற்கவே பயமாக இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க பாப்பா, மயில் போட்டவங்க நீங்கதானா?" என்று கேட்டார்.

ஒரு மாதத்துக்கு முன் குழந்தைகள் உடைக்கு ஒரு மயில் அனுப்பியிருந்தேன். புகார் எதுவும் வரவில்லை, நன்றாகப் போயிற்று என்று நினைத்திருந்தேன். திரையில் மேலிருந்து கீழே எண்ணுவார்கள், மெஷினில் கீழிருந்து மேலே. அதைத் திருப்ப நான் மறந்திருக்கிறேன். மயில் தலைகீழாக வந்திருக்கிறது.

"ஏண்ணா அப்பவே சொல்லலை?" என்றேன்.

"சொன்னா உங்களுக்கு ஆபீஸ்ல ஏச்சு விழும். துணியைத் திருப்பி மாட்டிக்கிட்டேன். மயிலு அந்தப் பக்கம் பாக்கறதுக்குப் பதிலா இந்தப் பக்கம் பாக்குது, அவ்வளவுதான். மயிலு எங்க பாத்தா நமக்கென்னங்க பாப்பா?"

இடப்பக்கம்

பள்ளிப் பெயரை இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொன்னேன். பழைய துணியை மாட்டி, வேகத்தை மிகவும் குறைத்து ஓட்டினார். பெயர் முடிந்தது. கோடு இடமிருந்து வலமாகப் போனது. ஒரு குறையும் இல்லை. பிறகு அதே கோட்டின் மேல் திரும்பி இடப்பக்கம் வந்தது. முதல் அடியிலேயே தாவியது. காதர் பாய் உடனே நிறுத்தினார்.

"பாத்தீங்களா? வலப்பக்கம் போறப்ப ஒண்ணும் பண்றதில்ல. நேரா இடப்பக்கம் திரும்புனா உடனே பேயாட்டம். ஃபிரேம் தப்புன்னா ரெண்டு பக்கமும்ல தப்பா இருக்கோணும்?"

இதை முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். ஆபீஸில் சோதித்துவிட்டார்கள் என்று பதில் வந்ததாம். அந்த ஆபீஸ் நான்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பி, அதுவரை யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். யூனிட்டுக்குப் போன அதே கோப்பை எடுத்து, என் லேப்டாப் கோப்போடு ஒப்பிட்டேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் எழுதப்பட்ட கோப்பு இருபது பைட் பெரிதாக இருந்தது. கோட்டில் இடப்பக்கம் போகும் தையல்களும் இருபதுதான்.

தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். கோப்பைத் திறக்கும் இடத்தில் பைனரி என்று குறிப்பிட மறந்திருந்தேன். அப்படித் திறந்தால் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் அதை எழுத்துக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். பத்து என்ற மதிப்புள்ள பைட் வந்தால் ஒரு வரி முடிந்ததாக நினைத்து, அதற்கு முன்னால் பதின்மூன்று என்ற பைட்டையும் தானாகச் சேர்த்து எழுதும். என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ், அது சேர்க்காது. ஊசி நேர் இடப்பக்கமாகச் சரியாக மூன்று மில்லிமீட்டர் நகரும் தையலில் நடு பைட் பத்து. ஒன்று கூடினால் போதும், மும்மூன்றாகப் படிக்கும் மெஷினுக்கு அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இடம் மாறிப்போகும்.

இத்தனையும் மேடத்திடம் சொன்னேன். அவர் இரண்டு கோப்புகளையும் தானே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திருத்தின கோப்பை எடுத்துக்கிட்டு நாளைக்கு நீயே நேர்ல போய்ச் சொல்லிடு. நான் போன்ல சொன்னா, அவங்க மறுபடி கம்ப்யூட்டருக்குத்தான் பரிஞ்சு பேசுவாங்க."

சனிக்கிழமை

பேருந்தில் போகும்போது என்ன பேசுவது என்று தாளில் எழுதிவைத்திருந்தேன். முதலாளி முன்னால் நின்றதும் தாளை எடுக்கக் கை வரவில்லை. "தப்பு எங்களோடதுங்க. நான் எழுதுனதுதாங்க. காதர் அண்ணன் மேல ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் காதர் பாயை நிமிர்ந்து பார்த்தார். காதர் பாய் தரையைப் பார்த்தார்.

பிறகு முதலாளி, "ஆபீஸ்ல இருந்து வந்து தப்பு எங்க பேர்லன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் கண்ணு. டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார். காதர் பாயிடம் வருத்தம் என்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் திருத்திய கோப்பு இருந்த பென்டிரைவை என் கையிலிருந்து வாங்கி, அவரே அதைக் காதர் பாய் கையில் கொடுத்தார். "ஓட்டுங்க பாய், திங்கக்கிழமையும் நீங்களே ஓட்டுங்க."

காதர் பாய் அதை வாங்கிக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டார்: "ஃபிரேமை நான் மாட்டட்டுங்களா, இல்ல கம்ப்யூட்டரே மாட்டிக்குமுங்களா?"

முதலாளிதான் முதலில் சிரித்தார்.

இனிமேல்

ஊசி வலப்பக்கம் போனது, திரும்பி இடப்பக்கம் வந்தது, பெயருக்கு அடியில் கோடாகவே நின்றது. செல்வி அக்கா துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திங்கட்கிழமை அலுவலகத்தில் என் மேசையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை. ரேவதி மேடம் கூப்பிட்டார். நின்றுகொண்டே கேட்டேன். அவர் சொன்னது ஒரே வாக்கியம். நான் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

"இனிமே எந்தக் கோப்பானாலும் இங்க இருக்கற கம்ப்யூட்டர்லயே எழுதி, இங்கயே திறந்து பாத்துட்டுத்தான் நீ வெளிய அனுப்பணும், புரிஞ்சுதா?"

அந்த வாரமே, அதுவரை நான் அனுப்பியிருந்த பழைய கோப்புகள் பத்தையும் திறந்து சரிபார்த்தேன்: இரண்டில் இதே தப்பு கடைசிச் சில தையல்களில் இருந்தது, இரண்டுக்கும் யாரும் புகார் சொல்லவில்லை, எந்த டிசைன் எந்த மெஷினில் ஓடியது என்று செல்வி அக்கா எழுதிவைக்கும் நோட்டைப் பார்த்தபோது இரண்டுமே ஓடியது காதர் பாய் மெஷினில்.