ஒற்றை டைகர் பார்ப்

காலையில் பார்த்தபோது ஏஞ்சல் மீனின் நீண்ட செட்டைகள் கிழிந்து தொங்கின. என் மனைவி மலர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகுமுன் வாங்கித் தொட்டியில் விட்ட மீன் அது.

கடித்தது டைகர் பார்ப் என்கிற வரிபோட்ட சின்ன மீன். நிறத்துக்கு ஆசைப்பட்டு, போன மாதம் நான்தான் ஒன்றை வாங்கிவந்து அதே தொட்டியில் விட்டேன்.

அதைப் பிடித்து, தண்ணீர்ப் பையில் போட்டு, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். வளர்ப்பு மீன் கடைக்காரர் பார்த்ததுமே கேட்டார்.

"ஒன்னே ஒன்னா வாங்குனீங்க? இது கூட்டமா இருக்கிற மீனுங்க. தனியா விட்டா மத்ததக் கடிக்கத்தான் செய்யும்."

"நீங்கதானே வித்தீங்க?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

அவருடைய தொட்டியில் பத்துப் பன்னிரண்டு பார்ப்கள் இருந்தன. அவற்றோடு விட்டார். கொஞ்ச நேரத்தில் என்னுடையது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஏஞ்சல் செத்து மிதந்தது.

மறைக்க மனமில்லாமல் மலருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "விடுங்க. அந்தக் கடிச்ச மீனாவது அதோட கூட்டத்துல சேந்துருச்சே" என்றாள்.

யாரோ வீட்டில் தனியாக வேலை செய்கிறவள் இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.